3.8 நார்மலா? கடலூரில் ஒரு புராஸ்டேட் புற்றுநோய் நிகழ்வு ஆய்வு

கடலூரில் சிறிய கிளினிக் நடத்தும் பொது மருத்துவன் நான். நான் பார்த்துவந்த ஒருவருக்கு வந்த புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றியது இந்தப் பதிவு. அதைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட தாமதத்தில் என் பங்கும் உண்டு. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

2023-ல் அவருக்கு 68 வயது. அரசுப் பேருந்தில் 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. 2021-ல் இதய இரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, அன்றிலிருந்து இரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சாப்பிடுகிறார். மனைவியோடு கடலூரில் இருக்கிறார். மகனுக்குச் சென்னையில் வேலை, மகளைக் கொடுத்திருப்பது நெல்லிக்குப்பத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் காட்ட என்னிடம் வருவார்.

2020 கடைசியில் சென்னையில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். நீர் சொட்டுச் சொட்டாகப் போயிருக்கிறது. அங்கே ஒரு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்ததில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி 52 கிராம் அளவுக்கு வீங்கியிருந்தது. சாதாரணமாக அது 20 முதல் 25 கிராம் இருக்கும். அந்தச் சுரப்பி சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தை அளக்கும் இரத்தப் பரிசோதனையில் 4.9. வழக்கமாக 4 வரை இயல்பு என்பார்கள். வீங்கிய சுரப்பி கூடுதலாகப் பி.எஸ்.ஏ. சுரக்கும் என்பதால் அதை வீக்கத்தின் கணக்கில் எழுதி, டாம்சுலோசினும் டூட்டாஸ்டெரைடும் சேர்ந்த கேப்சூல் ஒன்றைக் கொடுத்து, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து அவர் போகவில்லை. கேப்சூல் நன்றாக வேலை செய்தது, இரவில் ஒரு முறைதான் எழுந்தார், பிறகு எதற்குப் போவது? அட்டை தீர்ந்ததும் வெறும் அட்டையை மருந்துக் கடையில் காட்டி அடுத்ததை வாங்கிக்கொண்டார். வீட்டில் அதற்குப் பெயர் ‘யூரின் மாத்திரை’. என்னிடம் இருந்த சீட்டில் அது ஏறவே இல்லை. நான் எழுதிய மருந்துகளை மட்டுமே அதில் குறித்துவைத்திருந்தேன்.

2023 ஜனவரி: என் தவறு

பொங்கலுக்கு முன் அவர் பைக்கில் சறுக்கி விழுந்து இடது விலாவில் அடிபட்டு வந்தார். எக்ஸ்ரேயில் மெல்லிய விரிசல், கட்டு எதுவும் தேவைப்படவில்லை. வந்தது வந்தாயிற்று, வயதும் ஆகிறது என்று மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு பி.எஸ்.ஏ.வையும் எழுதிக் கொடுத்தேன்.

3.8 என்று வந்தது. ஆய்வகத் தாளில் பக்கத்திலேயே ‘0 முதல் 4’ என்று அச்சடித்திருந்தது. எல்லைக்குள் இருந்ததால் எண் தடித்த எழுத்தில் இல்லை. “நார்மல்தான் ஐயா” என்று சொல்லி அனுப்பினேன். சிறுநீர்த் தொந்தரவு உண்டா என்று கேட்டேன். “இப்ப ஒண்ணும் இல்ல சார், நல்லாப் போகுது” என்றார். அது உண்மைதான். ஏன் நன்றாகப் போகிறது என்று நான் கேட்கவில்லை.

ஆசனவாய் வழியே விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையும் செய்யவில்லை. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள், அறையில் மனைவி உட்கார்ந்திருந்தார், எண்ணும் நார்மல். அன்று இவை போதுமான காரணங்களாகத் தோன்றின. அந்தப் பரிசோதனைக்குக் கூச்சப்படுவது நோயாளிகள்தான் என்று மருத்துவர்கள் நாங்கள் சொல்லிக்கொள்வோம். எங்கள் கூச்சத்தை அதில் சேர்ப்பதில்லை.

2023 செப்டம்பர்: மஞ்சப்பை

எட்டு மாதம் கழித்துச் சர்க்கரைக்காக வந்தபோது வழக்கமான சீட்டை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்குப் பதிலாக அவர் மனைவி மாத்திரைகள் மொத்தத்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எனக்குத் தெரிந்த ஆறு அட்டைகளோடு தெரியாத ஓர் அட்டையும் கிடந்தது. “அது யூரின் மாத்திரைங்க. மூணு வருஷமா சாப்பிடுறார்” என்றார் அந்த அம்மா.

அதில் இருந்த இரண்டு மருந்துகளில் டாம்சுலோசின் சிறுநீர்ப்பாதைத் தசையைத் தளர்த்தும், பி.எஸ்.ஏ.வைத் தொடாது. டூட்டாஸ்டெரைடு வேறு வகை. ஆண் ஹார்மோன் புராஸ்டேட்டுக்குள் வீரியமான வடிவத்துக்கு மாறுவதை அது தடுக்கிறது. அதனால் சுரப்பி மெல்லச் சுருங்கும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பி.எஸ்.ஏ.யும் ஏறத்தாழப் பாதியாகும். ஃபினாஸ்டெரைடும் இப்படித்தான், முடி கொட்டாமலிருக்க எடுத்துக்கொள்ளும் 1 மி.கி. மாத்திரைகூட இந்த வேலையைச் செய்யும். எனவே இவற்றைச் சாப்பிடுகிறவரின் பி.எஸ்.ஏ.வை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். நான் நார்மல் என்ற 3.8 உண்மையில் 7.6-க்குச் சமம்.

இவ்வளவும் நான் படித்துத் தேர்வு எழுதியவை.

பழைய தாள்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். 2022-ல் ஒரு மருத்துவ முகாமில் எடுத்த 2.3 கிடைத்தது. சென்னையில் 4.9, கேப்சூல் தொடங்கிய பின் 2.3, அடுத்து 3.8. முதல் இறக்கம் மருந்தின் வேலை, அதில் சந்தேகமில்லை. அந்த மருந்தை விடாமல் சாப்பிடும்போது எண் மேலே ஏறுவதுதான் ஆபத்துக் குறி. கீழே இறங்கிய அளவிலிருந்து எண் உறுதியாக ஏறத் தொடங்கினாலே, அது 4-க்குள் இருந்தாலும், விசாரிக்க வேண்டும்.

அன்று விரல் பரிசோதனை செய்தேன். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொண்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிற காரியம் அது. கையை மடக்கிக் கட்டைவிரலின் அடிச்சதையைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும் புராஸ்டேட். இவருக்கு இடப்புறம் அப்படி இருந்தது. வலப்புறம் விரல் முட்டியைத் தொட்டதுபோல் கெட்டியாக ஒரு கட்டி.

புற்றுநோய் பெரும்பாலும் புராஸ்டேட்டின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. சிறுநீர்க்குழாயை நெருக்குகிற வயோதிக வீக்கம் உட்பகுதியில் வருவது. அதனால் தொடக்கத்தில் புற்றுநோய் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. நீர் நன்றாகப் போகிறது என்பதை வைத்து அவர் நிம்மதியாக இருந்தார், நானும்தான்.

உறுதிப்படுத்தியது

சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும் என்பதால் முதலில் சிறுநீரைப் பார்த்தோம், தொற்று இல்லை. மூன்று வாரம் விட்டு எடுத்த பி.எஸ்.ஏ. 4.6. மருந்தைக் கணக்கில் எடுத்தால் ஒன்பதுக்கு மேல். ஜனவரியில் நடந்ததை அன்றே அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் புதுச்சேரியில் ஒரு சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரிடம் அனுப்பினேன். பெரியவர் திட்டவில்லை. “டிக்கெட்டு கிழிச்சவன்கிட்டயும் சில நாள் கணக்கு இடிக்கும் சார்” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நிபுணர் சதைப் பரிசோதனைக்கு (பயாப்சி) முன்பே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஊசி குத்தினால் உள்ளே இரத்தம் கசிந்து படம் தெளிவில்லாமல் போகும் என்பதோடு, சந்தேகமான இடம் தெரிந்தால் ஊசியை நேரே அங்கே செலுத்தலாம். எம்.ஆர்.ஐ.யில் சந்தேகத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுவார்கள். வலப்புறக் கட்டிக்கு ஐந்து வந்தது. சுரப்பியின் உறையைத் தாண்டிச் சற்று வெளியே நீட்டியிருக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

சதை எடுப்பதில் இரண்டு தடைகள். முதலாவது குளோபிடோகிரல். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் இதய மருத்துவரைக் கேட்டு அதை ஏழு நாள் நிறுத்தினோம், ஆஸ்பிரினைத் தொடர்ந்தோம். நோயாளி தானாக நிறுத்தியிருந்தால் அது மாரடைப்பில் போய் முடிந்திருக்கலாம். இரண்டாவது தடை சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. “கத்தி பட்டா கட்டி பரவிடும்.” அப்படிச் சொன்ன சம்பந்தியையும் உட்காரவைத்து, இந்தப் புற்றுநோயில் ஊசி போட்டுச் சதை எடுப்பதால் நோய் பரவுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை, சதை முடிவு இல்லாமல் இவருக்குச் சிகிச்சையைத் தொடங்க முடியாது என்று விளக்கினேன். அவர் முழுதாக நம்பினார் என்று சொல்ல மாட்டேன், தடுக்கவில்லை.

14 துண்டுகள் எடுத்தார்கள், ஏழில் புற்றுநோய். கிளீசன் மதிப்பெண் 4+4=8. நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு உருக்குலைந்திருக்கின்றன என்பதற்கான அளவு இது. நடைமுறையில் 6 மிகச் சாது, 10 மிகக் கடுமை. எட்டு என்பது சும்மா விட்டுவைக்கும் ரகம் கிடையாது.

எலும்பு ஸ்கேனில் முதுகும் இடுப்பும் சுத்தமாக இருந்தன. இடது விலாவில் மட்டும் ஒரு புள்ளி ஒளிர்ந்தது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்பைத் தேடிப் போகும் நோய் என்பதால் குடும்பம் மூன்று நாள் உறங்கவில்லை. பொங்கலுக்கு முந்தைய பைக் விபத்தின் எக்ஸ்ரேயை எடுத்துப் பார்த்தேன். அதே விலா, அதே இடம். சி.டி. எடுத்துப் பார்த்து ஆறிவரும் முறிவுதான் என்று உறுதி செய்தார்கள். பழைய எக்ஸ்ரேயை எடைக்குப் போடாமல் வைத்திருந்தது அவருடைய மனைவி.

யாருக்குச் சொல்வது

சதை முடிவு வந்த அன்று மகன் எனக்குத் தனியாகப் போன் செய்தார். “அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சார். தாங்க மாட்டார். கட்டின்னு மட்டும் சொல்லுங்க.” நம் ஊரில் இது அன்பின் வழக்கமான வடிவம், அதைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வராது. ஆனால் தினமும் புதுச்சேரிக்குப் போய்க் கதிர்வீச்சு எடுக்க வேண்டியவரிடம், ஆண் ஹார்மோனை நிறுத்தும் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டியவரிடம், எதற்கு என்று சொல்லாமல் எப்படிச் சம்மதம் வாங்குவது?

மகனிடம் ஒரு வழி சொன்னேன். நானாக எதையும் திணிக்க மாட்டேன், அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார்.

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். “முப்பத்தொரு வருஷம் ஸ்டேஜ் போட்டவன் சார் நான். என் ஸ்டேஜ் எதுன்னு சொல்லிடுங்க.”

சொன்னேன். உறையைத் தாண்டியிருக்கிறது, எலும்புக்குப் போகவில்லை, குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை கொடுக்க இடம் இருக்கிறது. மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவர் அவரைப் பார்த்து, “இதுக்கா ரெண்டு நாளா போன எடுக்காம இருந்த?” என்றார்.

சிகிச்சை முடிவுகள்

கடலூர்க்காரர்களுக்குப் புற்றுநோய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர், அடுத்து சென்னை அடையாறு. மகன் சென்னைக்கு அழைத்தார். கதிர்வீச்சுக்கு வாரம் ஐந்து நாள் போக வேண்டும், வீட்டுச் சாப்பாடு வேண்டும் என்பதால் பெரியவர் புதுச்சேரியையே தேர்ந்தெடுத்தார். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம்.

காத்திருந்து கண்காணிப்பது என்ற வழி இவருக்குப் பொருந்தாது. சுரப்பிக்குள் அடங்கிய, பெரும்பாலும் சாதுவான புற்றுநோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்துத் தொடர்ந்த பிரிட்டன் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-ல் வந்தது. எந்தப் பிரிவிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் இந்த நோயால் இறந்திருந்தார்கள். உறவினர் ஒருவர் அந்தச் செய்தியைப் போனில் அனுப்பி “சும்மா இருந்தாலே போதுமாம்” என்றார். அது கிளீசன் 8-க்கு எழுதிய செய்தி இல்லை.

மீதி இருந்தவை மூன்று. அறுவை சிகிச்சையில் இதயமும் இரத்தம் உறைதலும் பிரச்சினை. உறை தாண்டியிருந்ததால் அறுத்த பிறகும் கதிர்வீச்சு தேவைப்படலாம், சிறுநீர்க் கசிவுக்கும் வாய்ப்பு உண்டு. ஊசி மட்டும் போட்டுக்கொள்வது சுலபம், “வயசாச்சு, ஊசி போதும்” என்று சொல்ல ஆட்களும் இருந்தார்கள். ஆனால் இவரைப் போன்றவர்களுக்கு ஊசியோடு கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்தபோது அதிகம் பேர் பிழைத்திருப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதிர்வீச்சும் இரண்டு வருட ஹார்மோன் சிகிச்சையும் என்று முடிவானது.

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் ஒடுங்கும் என்பதை 1941-ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விதைகளை அகற்றிவிட்டால் ஊசிச் செலவே இல்லை, நோய் எலும்புக்குப் பரவியவர்களில் பலர் இன்றும் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இவருக்கு இரண்டு வருடம் மட்டும் தேவை. நிறுத்தினால் ஹார்மோன் திரும்பிவர வாய்ப்பிருக்கும் வழியே மேல் என்று மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் எட்டு.

உடலில் ஆண் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையைச் சேர்ப்பதா என்பதில் எங்களுக்குள் பேச்சு நடந்தது. பரவாத, ஆனால் அபாயம் மிகுந்த நோயிலும் அது பலன் தருகிறது என்று 2022-ல் வெளியான முடிவு இவருடைய நிலைக்கு அப்படியே பொருந்தியது. ஆனால் அதோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், இதயத்துக்கும் சுமை. இரண்டு பக்கத்தையும் அவர் முன் வைத்தார்கள். ஸ்டென்டை நினைத்து வேண்டாம் என்றார். அது சரியான முடிவா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, அவருக்கு ஏற்ற முடிவு.

நடந்தவை

டூட்டாஸ்டெரைடு கேப்சூலை நிறுத்தி டாம்சுலோசினை மட்டும் தனியாகத் தொடர்ந்தோம். முதல் ஊசி போட்டதும் சில நாள் ஆண் ஹார்மோன் ஒருமுறை எகிறும். அதற்கு அரணாக முன்கூட்டியே பைகலுடமைடு மாத்திரை கொடுத்து, 2023 நவம்பர் கடைசியில் ஊசி தொடங்கியது. பொங்கல் கழிந்து, ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து ‘கரண்ட் வைக்கப்’ போனார். மொத்தம் 25 முறை.

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலும் பையின் மேற்பகுதியும் கதிரிலிருந்து விலகி நிற்கும். அதனால் சிகிச்சைக்கு முன் நீர் குடித்து அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். இவர் கெட்டிக்காரத்தனமாகக் கடலூரிலேயே அரை லிட்டர் குடித்துவிட்டு வண்டி ஏறினார். இரண்டாம் நாள் அரியாங்குப்பத்தில் போக்குவரத்து நின்றுவிட, இறங்கி ஓட வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் ஸ்கேன் செய்து, பை காலி என்று உட்காரவைத்துவிட்டார்கள். வழக்கத்தை மாற்றினோம்: காலிப் பையோடு போய்ச் சேர்வது, அங்கே குடித்து முக்கால் மணி நேரம் காத்திருப்பது. “வண்டி லேட்டாகும்னு எனக்கா தெரியாது?” என்று அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் எரிச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து, சிகிச்சை முடிந்த ஒரு மாதத்தில் அடங்கின. ஊசியின் விளைவுகள் நீண்டன. மார்கழியிலும் மின்விசிறி கேட்டார். முகமும் மார்பும் திடீரென்று கொதித்து வியர்க்கும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.1-லிருந்து 8.3-க்குப் போனது. எலும்பு அடர்த்தி குறைந்திருந்ததால் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்து, காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கச் சொன்னேன். சர்க்கரை மாத்திரையை மாற்றி, நடையும் சேர்ந்து, ஒரு வருடத்தில் 7.4-க்கு வந்தது.

தாம்பத்திய விருப்பம் மறைந்துபோகும் என்பதை ஊசிக்கு முன் யாரும் அவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை. வயதானவர், அவருக்கு எதற்கு என்று நானே விட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்து, மனைவி மருந்து வாங்க வெளியே போயிருந்தபோது தணிந்த குரலில் கேட்டார். மருந்தால் வருவது, உங்கள் குறை எதுவும் இல்லை என்றதும் முகம் தெளிந்தது. நான்கு மாதம் அவர் அதை வேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஐந்தாவது ஊசி 2024 டிசம்பர் முதல் வாரம். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம். ஒன்பது நாள் தாமதமாகத்தான் போட முடிந்தது. ஹார்மோன் அளவைப் பார்த்தோம், அடக்கத்திலேயே இருந்தது.

இன்று மாற்றிக்கொண்டவை

ஜனவரியிலேயே கண்டுபிடித்திருந்தால் உறைக்குள் பிடித்திருக்கலாமா? தெரியாது. எட்டு மாதத்தில் எதுவும் மாறாமலும் இருந்திருக்கலாம். அந்தச் சமாதானத்தை எனக்கு நானே சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது என் கிளினிக்கில் ஐம்பது வயது தாண்டிய ஆணுக்குப் பி.எஸ்.ஏ. எழுதுவதற்கு முன், அந்தப் பரிசோதனை எதைக் கண்டுபிடிக்கும், எதைத் தேவையில்லாமல் கிளறும் என்று பேசுகிறோம். அவர் ஒப்புக்கொண்டால், வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம். சித்த மருந்து, முடிக்கான மாத்திரை, கடைக்காரர் கொடுத்தது எல்லாமே. ‘நீருக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா’ என்று செவிலியர் தனியாகக் கேட்கிறார். டூட்டாஸ்டெரைடோ ஃபினாஸ்டெரைடோ இருந்தால் ஆய்வகத் தாளிலேயே சிவப்பு மையில் ‘×2’ எழுதி, பழைய எண்களை வரிசையாகப் பக்கத்தில் குறிக்கிறேன். விரல் பரிசோதனை வேண்டியவர்களைக் கூட்டம் இல்லாத மதியம் மூன்று மணிக்கு, தனியாக வரச் சொல்கிறேன். பக்கத்து மருந்துக் கடைக்காரரிடமும் பேசினேன். வெறும் அட்டைக்கு இந்தக் கேப்சூலைக் கொடுப்பதை அவர் நிறுத்தியதாகத் தெரியவில்லை. ‘டாக்டர்கிட்ட சொன்னீங்களா’ என்று மட்டும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

எட்டாவது ஊசியை 2025 செப்டம்பரில் போட்டார்கள். டிசம்பரில் வந்தபோது பி.எஸ்.ஏ. 0.04. மகன் போனில் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு “அப்ப குணமாயிடுச்சா சார்?” என்றார். இந்த எண்ணும் மருந்தின் நிழலில்தான் நிற்கிறது என்று சொன்னேன். ஆண் ஹார்மோன் இன்னும் அடிமட்டத்தில் இருக்கிறது, அது திரும்பி எழுந்த பிறகு பி.எஸ்.ஏ. எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு, இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 புள்ளி ஏறினால் நோய் திரும்பியதாகக் கணக்கு. இனி ஒவ்வொரு முறையும் பி.எஸ்.ஏ., ஆண் ஹார்மோன் இரண்டையும் சேர்த்தே எடுப்போம், அடுத்தது பங்குனியில். சீட்டில் 0.04-க்குப் பக்கத்தில் ‘கடைசி ஊசி: செப்டம்பர் 2025’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி, மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.